ஒத்த வார்த்தை தீம், முன்னாடி வெறும் பேப்பர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்த சுத்தித்தான் இருக்கு. இங்க தென்னாப்பிரிக்காவுல மூணாவது டெர்ம் ஆரம்பிச்சாச்சு, மெட்ரிக் (கிரேடு 12) பசங்களுக்கு ஆர்ட் ப்ராக்டிகல், கீழ் கிரேடு பசங்களுக்கு ப்ராஜெக்ட், ஸ்கூல்ல போர்டுல ஒரே ஒரு வார்த்தைய எழுதிப் போட்டு இதான் தீம், யோசிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிடுறாங்க, புள்ளைங்க பேப்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, பெத்தவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதனால விசா, சமையல், கல்யாண மண்டபம் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இந்த தடவ முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன். ரொம்ப வருஷம் ஆர்ட் க்ளாஸ்ல நின்னவ நான், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், பதில் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

கேள்வி (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா): அக்கா, என் மக கிரேடு 11. தீம் "பேலன்ஸ்". தராசு, கயித்து மேல நடக்கறவன், பாதி கருப்பு பாதி வெள்ள முகம், இதெல்லாம் வரைஞ்சு காமிச்சா, டீச்சர் எல்லாமே பழசுன்னு சொல்லிட்டாங்களாம். நானும் நாலஞ்சு ஐடியா சொன்னேன், எதுவும் புடிக்கலங்கறா, ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிறா. என்ன பண்றது?

பதில்: தராசும் கயித்து மேல நடக்கறவனும் தப்பில்லம்மா, அது எல்லாருக்கும் மொதல்ல வர்றது. அந்த க்ளாஸ்ல 25 பேர் இருந்தா 20 பேருக்கு அதேதான் வந்திருக்கும், அதான் டீச்சர் அப்படி சொல்லியிருப்பாங்க. அத அடக்கி வைக்க வேணாம், சோர்ஸ்புக்ல, அதாவது ஐடியாவ வரைஞ்சு ஒட்டி வளக்கற நோட்டுல, ஒரே ஒரு பக்கத்துல தீப்பெட்டி சைஸ்ல சின்ன சின்னதா எல்லாத்தையும் வரைஞ்சு கொட்டிடச் சொல்லுங்க. உள்ளயே வச்சிக்கிட்டு இருந்தா அடுத்தது வராது, வரைஞ்சு தீத்துட்டா வழி விடும்.

அதுக்கப்புறம் கேள்விய மாத்தணும். பேலன்ஸ்னா என்னன்னு கேட்டா அர்த்தம்தான் வரும், அர்த்தத்துக்குப் படம் போட்டா தராசுதான் வரும். நான் பொழங்குற எடத்துல பேலன்ஸ் எங்க நடக்குதுன்னு கேட்டா கண்ணு வெளிய போக ஆரம்பிச்சிடும். இந்த ஒரு மாத்தத்துலயே முக்கால்வாசி வேல முடிஞ்சிரும், நான் சும்மா சொல்லல, க்ளாஸ்ல திரும்பத் திரும்பப் பாத்தது இது.

உங்க ஊர்லயே பாருங்களேன். தைப்பூசத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் காவடி தூக்குறாங்க இல்லையா, தூக்குறவங்க தோளுக்குக் கிட்ட போயி எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா? மரத்தண்டுக்கு அடியில துண்ட நாலா மடிச்சு வச்சிருப்பாங்க, ரெண்டு பக்கமும் சின்ன பால் சொம்பு தொங்கும், சொம்பு வாய மஞ்சத் துணி போட்டு நூல் சுத்திக் கட்டியிருக்கும், நடக்க நடக்க ஒரு பக்க சொம்பு லேசா முன்னாடி ஆடும், அதே நேரம் எதிர்ப்பக்க இடுப்பு தானா வெளிய போகும், கழுத்து அதுக்கு எதிரா சாயும், கையி தண்ட புடிக்காம தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கும். காவடிய எறக்கினதுக்கு அப்புறம் தோள்ல துண்டோட நெசவு அப்படியே செவப்பா பதிஞ்சிருக்கும். இதுல பேலன்ஸ் இருக்கா இல்லையா? பூரா கூட்டத்தையும் கோபுரத்தையும் மயில் எறகையும் சேத்து வரையப் போனா அது காலண்டர் படமாயிடும், அந்த ஒரு தோளும் கழுத்தும் மட்டும் ஏ2 பேப்பர் முழுக்க சார்கோல்ல வந்தா, பாக்கறவங்களுக்கு வெயிட் எங்க இருக்குன்னு உடம்புலயே தெரியும்.

கோயில் வேணாம்னு சொன்னாலும் சரி, டர்பன் டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க. வார்விக் ஏர்லி மார்னிங் மார்க்கெட்ல பேரோ (சரக்கு கைவண்டி) இழுக்கறவங்க ஒரு ஆள் ஒசரத்துக்கு க்ரேட் அடுக்கிக்கிட்டு டாக்ஸி ராங்க் நடுவுல வளைஞ்சு போவாங்க, எந்த க்ரேட் அடியில எது மேலன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு, கேட்டா சொல்லுவாங்க. ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேக்கச் சொல்லுங்க, மூஞ்சி வேணாம்னா கையும் சரக்கும் மட்டும் போதும்.

இன்னொண்ணு. தீம் படத்துல இருக்கற பொருள்லதான் இருக்கணும்னு கட்டாயமே இல்ல. படத்த எப்படி அமைக்கிறோங்கறதுலயும் வரலாம், பேப்பர்ல ஒரு பக்கம் பூரா கனமான கருப்பு, எதிர்ப்பக்கம் ஒரு சின்ன செவப்பு புள்ளி, அந்த புள்ளி அந்த கருப்ப தாங்குதா தாங்கலையான்னு பத்து விதமா நகத்தி நகத்திப் பாத்தாலே அது ஒரு சோர்ஸ்புக் பக்கம். பொருள்லயும் வரலாம், வெயிட்டான கம்பிய மெல்லிசு டிஷ்யூ பேப்பர் தாங்குற மாதிரி ஒரு சிற்பம் பண்ணலாம். பேலன்ஸ்ங்கறத ஒரு செயலா ஒடைச்சு சாயறது, தாங்கறது, முட்டுக்குடுக்கறது, தடுமாறறது, விழறதுன்னு எழுதிப் பாக்கச் சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் வீட்டுக்குள்ளயே ஒரு காட்சி கெடைக்கும்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. ஐடியா நீங்க குடுக்காதீங்க. அம்மா குடுத்த ஐடியாவ எந்த 16 வயசுப் புள்ளையும் எடுத்துக்காது, எடுத்துக்கிட்டாலும் நடுவுல விட்டுரும், ஏன்னா அது அவளோடது இல்ல. அதுக்கு பதிலா இன்னிக்கு என்னம்மா பாத்தேன்னு கேளுங்க, அவ சொன்னா அது எப்படி இருந்துச்சுன்னு திரும்ப ஒரு கேள்வி கேளுங்க. அவ வாயிலேர்ந்தே வந்துரும்.

கேள்வி (மிட்ராண்ட், கோயம்புத்தூர்லேர்ந்து இங்க வந்த ஒரு அப்பா): வணக்கம் மேடம். பையன் கிரேடு 10, நல்லா வரைவான். ஆனா ஸ்கூல்ல சோர்ஸ்புக்னு ஒண்ணு கேட்டு அதுல கிறுக்கல், கிழிச்ச பேப்பர், ஃபோட்டோ எல்லாம் ஒட்டச் சொல்றாங்க. கடைசில படம் நல்லா இருந்தா போதாதா, எதுக்கு இந்த வேண்டாத வேல?

பதில்: சார், தமிழ்நாட்டுல ட்ராயிங்னா முடிச்ச படம் மட்டும்தான், அதனால உங்களுக்கு இது புதுசா தெரியும். இங்க மெட்ரிக் விஷுவல் ஆர்ட்ஸ் ப்ராக்டிகல்ல சோர்ஸ்புக்குக்கு 50 மார்க், முடிச்ச ஆர்ட்வொர்க்குக்கு 50 மார்க். சரி பாதி! கிரேடு 10லயே பழகிட்டா மெட்ரிக்ல திணற மாட்டான்.

மார்க்க விடுங்க, அதுக்கு மேல ஒரு காரணம் இருக்கு. ஐடியா தலையில ரெடியா வந்து அப்புறம் கையில எறங்கறது ரொம்ப அபூர்வம். கை வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் பெரும்பாலும் வருது, அது நடக்கற எடம்தான் அந்த புக்கு. ஜோபர்க்ல இருக்கற வில்லியம் கென்ட்ரிட்ஜ், 1955ல பொறந்தவர், உலகம் பூரா தெரிஞ்ச ஆர்ட்டிஸ்ட், அவரோட அனிமேஷன் எப்படி பண்றார்னு பாருங்க, சார்கோல்ல ஒரு படம் வரைவார், கேமராவுல ஒரு ஃப்ரேம் எடுப்பார், கொஞ்சம் அழிச்சு மாத்தி வரைவார், திரும்ப எடுப்பார், அழிச்சதோட கறை பேப்பர்ல சாம்பலா அப்படியே தங்கிடும், அத மறைக்க மாட்டார், அந்தக் கறைதான் அவர் வேலைக்கே உயிர். 1989லேர்ந்து இப்படித்தான் பண்ணிட்டு வர்றார். பையன்கிட்ட இதப் போட்டுக் காமிங்க, உங்களுக்கும் சேத்துப் புரியும்.

சோர்ஸ்புக் அழகா இருக்கணும்னு பார்டர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டறத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. தேதி போடணும், எதுக்கு இத வேணாம்னு விட்டேன்னு ஒரு வரி எழுதணும், அது போதும்.

கேள்வி (லெனேசியா, மெட்ரிக் மாணவன்): அக்கா, எங்க தீம் "ட்ரேசஸ்", அதாவது தடயங்கள். எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா கப்பல்ல நேட்டால் வந்தவர், அத வச்சு பண்ணலாம்னு இருந்தேன். ஆனா எங்க க்ளாஸ்ல தமிழ், தெலுங்கு, ஹிந்திக்காரப் பசங்க எல்லாருமே கப்பலும் கரும்புத்தோட்டமும்தான் பண்றாங்க. என்னோடது எப்படி தனியா தெரியும்? இல்ல வேற ஐடியாவுக்குப் போயிடவா?

பதில்: போகாத தம்பி. உன் க்ளாஸ்ல எல்லாரும் பண்றாங்கன்னா அது அவ்ளோ பேருக்கும் உண்மைன்னு அர்த்தம், 1860 நவம்பர் 16ந்தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து வந்து டர்பன்ல நின்னதுலேர்ந்து 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்கு வந்திருக்காங்க, அதுல நெறைய பேரோட பேரப்புள்ளைங்கதான் நீங்கல்லாம். பிரச்சன என்னன்னா கப்பலும் கரும்பும் எல்லாருக்கும் பொதுவானது. உனக்கு மட்டும் சொந்தமானது எதுன்னு தேடணும், அது ரொம்ப சின்னதா இருக்கும்.

அந்தக் கப்பல் லிஸ்ட்ட நீ பாத்திருக்கியான்னு தெரியல, பாக்கலன்னா மொதல் வேலையா பாரு. டர்பன் வெஸ்ட்வில்ல யூனிவர்சிட்டி கேம்பஸ்ல இருக்கற காந்தி லுத்துலி டாக்குமெண்டேஷன் சென்டர்ல நம்ம ஆளுங்க வந்த வரலாறு சம்பந்தமான காகிதம் நெறைய வச்சிருக்காங்க, கப்பல் லிஸ்ட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க, உன் ஹிஸ்டரி டீச்சர் மூலமா கேட்டா வழி கெடைக்கும். அதுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஒசரம், ஜில்லா, கிராமம் எல்லாம் வரிசையா இருக்கும், அதோட உடம்புல இருக்கற அடையாளத்துக்குன்னு ஒரு தனி கட்டம் இருக்கும். தழும்பு, மச்சம், அம்மைத்தழும்பு, எது எங்க இருக்குன்னு. ஃபோட்டோ எடுத்து அனுப்பாத காலம், ஆள அடையாளம் கண்டுபுடிக்க ஒரு க்ளார்க் அவர நிக்க வச்சு உடம்பப் பாத்து எழுதியிருக்கான். உங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்க வீட்ல யாருக்கும் தெரியாம இருக்கலாம், ஆனா அவர் கணுக்கால்ல ஒரு தழும்பு இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல இருக்கலாம். உன் தீம் "ட்ரேசஸ்". இதவிட கிட்ட எது வரும் சொல்லு.

இப்ப அந்தத் தழும்ப எப்படி பண்றதுன்னு யோசி. உன் உடம்புல இருக்கற தழும்பயும் அப்பா, தாத்தா, ஆயா உடம்புல இருக்கறதயும் கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணா வரையலாம், ஒவ்வொண்ணும் எப்படி வந்துச்சுன்னு அவங்க சொல்றத பக்கத்துலயே எழுது, ஸ்டவ்ல சுட்டது, சைக்கிள்லேர்ந்து விழுந்தது, ஆபரேஷன், ஃபேக்டரி மெஷின், ஒரு குடும்பத்தோட சரித்திரம் தோல்லயே இருக்கும். லினோகட் (லினோ தகட்ட வெட்டி மை தடவி ப்ரிண்ட் எடுக்கறது) பண்ணத் தெரிஞ்சா இன்னும் நல்லது, லினோவ வெட்டறதே ஒரு காயம் மாதிரிதானே, வெட்டின எடம்தான் ப்ரிண்ட்ல வெள்ளையா நிக்கும். குவாஸுலு நேட்டால்ல ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்ங்கற எடத்துல 1960கள்ல ஆரம்பிச்ச ஆர்ட் சென்டர்லேர்ந்து வந்த அசாரியா ம்பாத்தா, ஜான் முவாஃபங்கேஜோ ரெண்டு பேரோட லினோகட்டையும் பாரு, கருப்பு வெள்ளை ரெண்ட மட்டும் வச்சிக்கிட்டு எவ்ளோ கத சொல்லியிருக்காங்க.

ஃப்ரோட்டாஜும் ட்ரை பண்ணலாம், ஒண்ணும் கஷ்டமில்ல, ஒரு பொருள் மேல மெல்லிசு பேப்பர வச்சு பென்சிலையோ க்ரேயானையோ படுக்க வச்சு தேச்சா அடியில இருக்கற பதிவு மேல வரும். உங்க வீட்லயோ சொந்தக்காரங்க வீட்லயோ பழைய அம்மிக்கல்லு இருந்தா எடுத்துக் கேளு. நடுவுல தேஞ்சு வழவழன்னு இருக்கும், ஓரம் கொத்து போட்டது அப்படியே சொரசொரப்பா இருக்கும், தேச்சிப் பாத்தா நடுப்பக்கம் வெளுப்பாவும் ஓரம் புள்ளி புள்ளியாவும் வரும். எத்தன பேரோட கையி அதுல ஓடியிருக்குன்னு ஒரு வார்த்தகூட எழுதாம அந்த பேப்பரே சொல்லிரும்.

ஒண்ணு மட்டும் கவனமா இரு. அந்த லிஸ்ட்ல ஜாதிக்கும் ஒரு கட்டம் இருக்கும். அத ஆர்ட்வொர்க்ல போடறதுக்கு முன்னாடி வீட்ல பெரியவங்ககிட்ட பேசு, என் கருத்த கேட்டா அது வேணாம். நம்பரும் தழும்பும் போதும்.

கேள்வி (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு ஆயா): கண்ணு, என் பேத்திக்கு "வேஸ்ட்"னு தீம் குடுத்திருக்காங்களாம். கேன்வாஸ், பெயின்ட்டுனு பெரிய லிஸ்ட்டா எழுதிட்டு வந்து நிக்கறா. என் பென்ஷன்ல இதெல்லாம் எங்கேர்ந்து வாங்கறது?

பதில்: ஆயா, வாங்கவே வேணாம். இந்தத் தீமுக்கு காசு குடுத்து கேன்வாஸ் வாங்கறதுதான் பொருத்தமில்லாத காரியம்!

எல் அனட்சுய்னு ஒருத்தர், கானாவுல பொறந்து நைஜீரியாவுல வேல பாத்தவர், சாராய பாட்டில் மூடிய ஆயிரக்கணக்குல தட்டி மடிச்சு காப்பர் கம்பியால கோத்து செவுரு நெறைய தொங்கற மாதிரி பண்ணுவார், தூரத்துலேர்ந்து பாத்தா ஜரிகை போட்ட துணியாட்டம் மின்னும். அவர் வேலை உலகத்துல பெரிய பெரிய மியூசியத்துல இருக்கு. நம்ம ஊர்லயே ஜூலு ஆளுங்க கலர் கலரா டெலிஃபோன் ஒயர்ல கூடை பின்றாங்க இல்லையா, இம்பெங்கேன்னு சொல்வாங்க, முன்னாடி புல்லுலயும் பனை ஓலையிலயும் பின்னின பானை மூடி அது, அப்புறம் மிச்சம் கெடந்த ஒயர்ல பின்ன ஆரம்பிச்சு இன்னிக்கு கேலரியில விக்குது.

பேத்திய ஒரு வாரத்துக்கு உங்க குப்பையப் பாக்கச் சொல்லுங்க. என்ன தூக்கிப் போடறோம், என்ன தூக்கிப் போடாம எடுத்து வைக்கறோம்னு ரெண்டையும். நீங்க ஐஸ்க்ரீம் டப்பாவ கழுவி ஊறுகா போட்டு வச்சிருப்பீங்க, ப்ரெட் பிளாஸ்டிக்க மடிச்சு ட்ராயர்ல வச்சிருப்பீங்க, பழைய சேலைய கிழிச்சு தலகாணி உறை தச்சிருப்பீங்க. உங்க தலைமுறைக்கு வேஸ்ட்னு ஒண்ணு கெடையாது, அவ தலைமுறைக்கு எல்லாமே வேஸ்ட், இந்த வித்தியாசம் ஒண்ணே போதும் அவளுக்கு. உங்க ட்ராயர தொறந்து காமிங்க, உள்ள இருக்கறத அப்படியே வரையட்டும்.

வேணுங்கறது ப்ரௌன் பேப்பர், கோல்ட் க்ளூ (வெள்ளப் பசை), ஒரு கருப்பு கோக்கி (மார்க்கர் பேனா), அவ்ளோதான். காப்பித்தூள கெட்டியா கரைச்சா ப்ரௌன் வாஷ் கெடைக்கும், மஞ்சப்பொடி மட்டும் வெயில்ல வெளுத்துரும், அத நம்ப வேணாம்.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க், சனிக்கிழம தமிழ் வகுப்பு டீச்சர்): 8லேர்ந்து 12 வயசுப் புள்ளைங்களுக்கு தீபாவளி சமயத்துல ஓவியப் போட்டி வைக்கிறோம், ஒரு வார்த்த தலைப்பு. போன தடவ "ஒற்றுமை"ன்னு குடுத்தோம், எல்லாரும் கை கோத்துக்கிட்டு நிக்கற பொம்மைகளையே வரைஞ்சிட்டாங்க. எப்படி வார்த்தைய தேர்ந்தெடுக்கறது?

பதில்: டீச்சர், தப்பு புள்ளைங்க மேல இல்ல. ஒற்றுமை, அமைதி, அன்பு, இதெல்லாம் கண்ணால பாக்க முடியாது, அதனால புள்ளைங்க ஏற்கனவே போஸ்டர்ல பாத்த படத்த திரும்ப வரைவாங்க. கையால தொடக்கூடிய வார்த்தையா குடுங்க. கதவு, கயிறு, உப்பு, நெழல், செருப்பு, சாவி. அதுலயும் சாமானா இருக்கணும், அதே சமயம் ஏதோ ஒண்ணு நடக்கணும். கதவுன்னா தொறக்கும், சாத்தும், யாரோ வெளிய நிப்பாங்க, யாரோ உள்ள காத்துக்கிட்டு இருப்பாங்க, கம்பிக் கதவுக்குப் பின்னாடி நாய் குரைக்கும். "கோயில் வாசல்ல செருப்பு"ன்னு நீங்க சொல்லவே வேணாம், செருப்புன்னு சொன்னா ஒரு புள்ள அத வரையும், இன்னொண்ணு தாத்தாவோட ஒரே ஒரு செருப்ப வரையும், இன்னொண்ணு பாட்டாவ கையில தூக்கிக்கிட்டு பீச்சுல ஓடறத வரையும்.

அம்மா அப்பா பக்கத்துல உக்காந்து திருத்தக்கூடாதுன்னு ஒரு விதி போடுங்க. பரிசு குடுக்கும்போது நீட்டா கலர் அடிச்சதுக்கு மட்டும் குடுக்காதீங்க, யாரும் பாக்காத ஒண்ண பாத்த புள்ளைக்கும் ஒண்ணு குடுங்க, அது கலர் வெளிய வந்திருந்தாலும் சரி.

கேள்வி (உம்லாங்கா, ஒரு அம்மா): என் பையன் ஏஐகிட்ட தீம சொல்லி 50 ஐடியா வாங்கிட்டான், ஒரு நிமிஷம் கூட ஆகல. படமும் அதுவே போட்டுக் குடுக்குது, அத பாத்து வரையறேங்கறான். இது சரியா?

பதில்: படத்த பாத்து வரையறது சரியில்ல, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அடுத்தவங்க ஃபோட்டோவ இன்டர்நெட்லேர்ந்து எடுத்து அப்படியே காப்பி அடிக்கறதுக்கே ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க, சொந்தமா எடுத்த ஃபோட்டோ, நேர்ல பாத்து வரைஞ்சது, இதத்தான் கேப்பாங்க. ஏஐ போட்ட படம் அதுக்கும் ஒரு படி தள்ளி இருக்கு, அதுக்குப் பின்னாடி உண்மையா ஒரு எடமோ ஒரு ஆளோ இல்ல, திரும்பப் போயி இன்னொரு பக்கத்துலேர்ந்து பாக்கலாம்னா பாக்க முடியாது. உங்க பையன் வீட்டு வாசல்லேர்ந்து எடுத்த மங்கலான ஃபோட்டோவுக்குத் திரும்பப் போகலாம், சாயங்கால வெளிச்சத்துல பாக்கலாம், தொட்டுப் பாக்கலாம்.

அந்த 50 ஐடியா லிஸ்ட்ட தூக்கிப் போட வேணாம். ப்ரிண்ட் எடுத்து சோர்ஸ்புக்ல ஒட்டி, இது ஏஐ குடுத்ததுன்னு வெளிப்படையா எழுதி, எல்லாருக்கும் வர்ற ஐடியா எதெதுன்னு அடிச்சிட்டே வரச் சொல்லுங்க. அடிக்காம மிஞ்சினது ஒண்ணு ரெண்டு இருந்தா, அது அவன் வாழ்க்கையில எங்க நடக்குதுன்னு தேடட்டும். இதுக்கும் ஸ்கூல் ஒத்துக்குதான்னு மொதல்ல டீச்சர்கிட்ட கேட்டுருங்க, ஒவ்வொரு ஸ்கூல்லயும் விதி வேற வேற.

கேள்வி (ரைலண்ட்ஸ், கேப் டவுன், மாணவி): அக்கா, "ஃப்ரீடம்". சங்கிலி, பறவ, தொறந்த கூண்டு தவிர எனக்கு எதுவும் தோணல. ஹெல்ப் பண்ணுங்க!

பதில்: இந்த நாட்ல இந்த வார்த்தைக்கு எவ்ளோ கனம்னு உனக்கே தெரியும்மா, அதனாலயே பயமா இருக்கும். பெருசா யோசிக்காத, ஒரு உடுப்ப எடு. மேரி சிபாண்டேன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட், 1982ல பார்பர்ட்டன்ல பொறந்தவங்க, அவங்க அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாருமே அடுத்தவங்க வீட்ல வேல பாத்தவங்க. அந்த வேலக்காரம்மாவோட நீலக்கலர் ஓவரால எடுத்து, அதையே ராணி போடற கவுன் மாதிரி விரிச்சு பெருசாக்கி, தன் உடம்பையே மோல்ட் எடுத்த உருவத்துக்குப் போட்டு விட்டாங்க, வெள்ள ஏப்ரன் கூட அப்படியே இருக்கும். சங்கிலி இல்ல, பறவ இல்ல, ஒரு யூனிஃபார்ம் அளவு மீறி வளருது, அதுலயே அடிமைத்தனமும் கனவும் ரெண்டும் வந்துருச்சு.

உங்க வீட்ல யாராவது டெய்லி போட்டுக்கற ஒண்ணு, கழட்டினதும் அப்பாடான்னு மூச்சு விடற ஒண்ணு, அது என்ன? அப்பாவோட வேல பூட்ஸா, அக்காவோட ஆஃபீஸ் ஐடி கார்டு கயிறா, உன் ஸ்கூல் டையா? கழட்டிப் போட்ட எடத்துலயே போட்டபடியே அத வரைஞ்சு பாரு. மடிப்பு, வேர்வக் கறை, கழுத்துப்பட்டை உள்ள அழுக்கு எல்லாத்தையும் விடாம வரை.

கேள்வி (பெனோனி, மெட்ரிக் மாணவி): எனக்கு நேர் எதிர் பிரச்சன. தீம் "லேயர்ஸ்". ஏழெட்டு ஐடியா இருக்கு, எல்லாமே நல்லா இருக்கு, எத விடறதுன்னு தெரியல, டைம் ஓடுது.

பதில்: ஐடியா தேடறத ஒரு கட்டத்துல நிறுத்தித்தான் ஆகணும்மா, நீ அந்தக் கட்டத்துக்கு வந்துட்ட. ஒவ்வொரு ஐடியாவையும் எடுத்து வச்சு கேளு. இதுல இருக்கற பொருள நாளைக்கு நான் நேர்ல போயி திரும்பப் பாக்க முடியுமா? முடியாதுன்னா விடு, வரையும்போது எங்கயாவது மாட்டிக்குவ, அப்ப திரும்பிப் பாக்க ஒண்ணும் இருக்காது. என் கையில இருக்கற மெட்டீரியல்ல இது வருமா? லேயர்ஸ்ங்கறதுக்கு பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு சொரண்டறது, ட்ரேசிங் பேப்பர அடுக்கறது, பழைய போஸ்டர ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஒட்டிக் கிழிக்கறது, இதுல எதையாவது நீ ஏற்கனவே பண்ணியிருந்தா அந்தப் பக்கம் போ, மெட்ரிக்ல போயி புது டெக்னிக் கத்துக்காத. ஒரு வரியில அத யாருக்காவது சொல்ல முடியுதா? தம்பிகிட்ட சொல்லு, அவன் திரும்ப ஒரு கேள்வி கேட்டா நல்ல அறிகுறி, சும்மா தலையாட்டிட்டு ஃபோன பாக்கப் போயிட்டா அந்த ஐடியா இன்னும் பொதுவா இருக்கு.

ரெண்டு மிஞ்சும். ரெண்டுக்கும் அஞ்சஞ்சு சின்ன ஸ்கெட்ச் போடு, குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு, ரொம்ப கிட்டக்க ஒண்ணு, மேலேர்ந்து ஒண்ணு, பாதி வெட்டுப்பட்ட மாதிரி ஒண்ணு. எதுல ஆறாவது போடணும்னு கை தானா போகுதோ அதான் உன்னோடது. வெள்ளிக்கெழம ராத்திரிக்குள்ள முடிவு பண்ணிட்டு திங்கக்கெழம டீச்சர்கிட்ட காமிச்சிரு, விட்ட ஐடியா எல்லாத்தையும் சோர்ஸ்புக்லயே விட்டு வை, கிழிச்சிடாத, அதுக்கும் மார்க் இருக்கு.